நாப்பது டப்பா முட்டையும் என் ரெண்டு கையும்

எனக்கு ஒரு வியாதி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டற வியாதி இல்ல. பொண்டாட்டி ஒரு நல்ல யோசனை சொன்னா போதும், உடனே எனக்கு அதைவிட பெரிய யோசனை ஒண்ணு தோணிடும். அது நல்லதா கெட்டதான்னுலாம் பாக்க மாட்டேன். பெருசா இருக்கணும், அவ்ளோதான்.

நான் தாஸு. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில பேக்கிங் செக்ஷன். பதினாலு வருஷமா டப்பாவுல ஷூ போட்டு மூடறேன். படிப்பு? அஞ்சாவதுல வாத்தியார் "வீட்டுக்கு போடா"ன்னாரு, இன்னும் திரும்பி வரச் சொல்லல. டப்பா மேல இன்னா எழுதியிருக்குன்னு எனக்கு தெரியாது. ஆனா கண்ண கட்டி விட்டாகூட பேக்கிங் பண்ணுவேன். (இதை ரொம்ப நாளா பெருமையா சொல்லினு இருந்தேன். இப்ப சொல்றதில்ல.)

என் பொண்டாட்டி ஸ்டெல்லா அதே கம்பெனில தையல் லைன்ல இருந்தா. பன்னெண்டு வருஷம் குனிஞ்சி குனிஞ்சி தைச்சி முதுகு போச்சு. ஒருநாள் வந்து, "வேலைய விட்டுட்டேன், இனிமே வீட்டுலயே சமைச்சி ஆர்டர் குடுக்கப் போறேன்"னா. கெளம்பறப்ப அவ சூப்பர்வைசர் சிரிச்சினே சொன்னானாம், "ஒரு மாசம் பாரு, நீயே வருவ. உன் மெஷினை வேற யாருக்கும் தர மாட்டேன்"னு. திட்டியிருந்தாகூட மறந்திருப்பா. அந்த சிரிப்புதான் அவளுக்கு தொண்டைல முள்ளு மாதிரி நின்னுடுச்சு. அதனால மொத ஆர்டர் எதுவா இருந்தாலும் அதுல பேரு எடுத்தே ஆவணும்னு இருந்தா.

மொத ஆர்டர் நசீமா ஆபா குடுத்தாங்க. முன்ன எங்க தெருவுல எங்களுக்கு அக்கா மாதிரி இருந்தவங்க, இப்ப வாணியம்பாடில இருக்காங்க. அவங்க பொண்ணுக்கு நிச்சயம். பிரியாணிக்கு அவங்க சொந்தத்துல மாஸ்டர் இருக்காரு, அதுல யாரும் கை வைக்க முடியாது. அதுக்கு முன்னாடி ஜூஸோட குடுக்க ஒரு ஐட்டம் வேணும்.

"ஸ்டெல்லா, என் பொண்ணு போன்ல எதோ முட்டை காட்டறா. டெவில்டு எக்காம். மாப்ள வீட்டுக்காரங்க அசந்து போவணும். நாப்பது பேரு. உன்னால முடியுமா?"

"முடியும் ஆபா"ன்னுட்டா. போனை வெச்ச அப்புறம்தான் அது இன்னாதுன்னு பாத்தா.

நானும் பாத்தேன். முட்டைய வேக வெக்கணும். ரெண்டா அறுக்கணும். மஞ்சளை நோண்டி எடுத்து, மசிச்சி, எதெதையோ கலந்து, திரும்ப அதே குழில வெக்கணும். (அப்ப நோண்டாமயே விட்டிருக்கலாமேன்னு கேட்டேன். முறைச்சா.) டெவில்னா பேய்னு பத்தாவது படிக்கிற என் பொண்ணு ப்ரியா சொன்னா. நிச்சயம் ஞாயித்துக்கிழமை. ஆக, நாங்க குடும்பத்தோட மாதா கோயிலுக்கு மட்டம் போட்டுட்டு பேய் முட்டை செய்யப் போறோம்.

ஸ்டெல்லா அதை நம்ம ஊரு முட்டையா மாத்திட்டா. மயோனைஸோட பச்சமொளகா, புதினா, மிளகு, கொஞ்சம் எலுமிச்சம்பழம். பால் கவரை கழுவி, மூலைல ஓட்டை போட்டு, அதுல கலவைய ரொப்பி, மருதாணி வெக்கற மாதிரி குழிக்குள்ள சுத்தி சுத்தி புழிஞ்சா. மேல மொளகாத்தூள் ஒரு சிட்டிகை. தின்னு பாத்தேன். பேய் இவ்ளோ நல்லா இருக்கும்னா நான் இத்தினி வருஷம் பயந்திருக்கவே மாட்டேன்.

செய்யறது பிரச்சனை இல்ல, எடுத்துனு போறதுதான் பேஜார். ஆம்பூர்ல இருந்து வாணியம்பாடிக்கு என் மொபெட்டுல போவணும். பாதி முட்டைக்கு அடிப்பக்கம் உருண்டை, நிக்காது. மேல கிரீம், மூட முடியாது. சோதனைக்கு டிபன் கேரியர்ல வெச்சி தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். தொறந்து பாத்தா மஞ்சள் பூரா மூடில இருக்கு, வெள்ளை பூரா ஒரே மூலைல ஆட்டுமந்தை மாதிரி ஒண்டினு இருக்கு. முட்டை அட்டைல வெச்சி பாத்தோம், ஒவ்வொண்ணும் குழிக்குள்ள குப்புற வுழுந்துடுச்சு.

அப்பதான் ஸ்டெல்லா சொன்னா, "இட்லி தட்டுல வெச்சா இன்னா? குழி சரியா இருக்குது, அடுக்கடுக்கா வெக்கலாம். அக்கம்பக்கத்துல நாலு இட்லி குண்டான் வாங்கிக்கலாம்."

சத்தியமா சொல்றேன், அது உலகத்துலயே நல்ல யோசனை. அதனாலதான் எனக்கு வியாதி கெளம்பிடுச்சு.

"நிச்சயத்துக்கு இட்லி குண்டான் தூக்கினு போவியா? மாப்ள வீடு இன்னா நினைக்கும்? நான் பேக்கிங்காரன். இது என் டிபார்ட்மென்ட்."

"வேணாம்யா."

"நீ முட்டைய பாரு, நான் டப்பாவ பாக்கறேன்."

எங்க கம்பெனில குழந்தைங்க ஷூவுக்கு ஒரு குட்டி டப்பா உண்டு. வெள்ளை கலரு, தங்க கோடு போட்டது. கோடு கோணலா பிரிண்ட் ஆயிடுச்சுன்னு ஒரு கட்டு ஒதுக்கி வெச்சிருந்தாங்க. ஆபீசுல கேட்டேன், எடுத்துக்கோன்னாங்க. கட்டிங் செக்ஷன்ல என் தோஸ்த் பாபு இருக்கான். ஷூவுக்குள்ள போடற ஃபோம் சீட்டை டப்பா சைஸுக்கு வெட்டி, அதுல முட்டை வடிவத்துல மூணு மூணு ஓட்டை போட்டு குடுத்தான். ஓட்டைக்குள்ள பட்டர் பேப்பர் மடிச்சி வெச்சேன். ஒரு ஆளுக்கு ஒரு டப்பா, ஒரு டப்பாவுக்கு மூணு முட்டை. மூடிய தொறந்தா நகைக்கடைல மோதிரம் உக்காந்திருக்கற மாதிரி உக்காந்திருக்கும்.

ஸ்டெல்லா ஒரு மூடிய தொறந்து மூடி பாத்தா. "நல்லாதான் இருக்கு"ன்னா. எங்க கல்யாணத்துக்கு அப்புறம் அவ என்னை பாத்து சொன்ன ரெண்டாவது நல்ல வார்த்தை அது. (மொதலாவது எனக்கு ஞாபகம் இல்ல. அவளுக்கும் இல்ல.)

ஞாயித்துக்கிழமை காலைல அவ புழிஞ்சி புழிஞ்சி தர்றா, நான் பேக் பண்றேன். ரெண்டு டப்பா உபரி சேத்து நாப்பத்திரெண்டு. என் வேகத்த பாத்து ப்ரியா வாய பொளந்துனு நின்னா. அவகிட்ட கம்பெனி கதை பேசினே மூடினேன். அப்புறம் பெரிய அட்டைப்பெட்டில அடுக்கி, நாலு மூலைலயும் ஐஸ் தண்ணி பாட்டில் வெச்சி, டேப் ஒட்டுனேன். எங்க கம்பெனில பெட்டிய மேல இருந்து போட்டு ஒரு டெஸ்ட் பண்ணுவாங்க. அதையும் பண்ணிக் காட்டறேன்னு பெட்டிய தூக்குனேன். ஸ்டெல்லா அகப்பைய தூக்குனா. டெஸ்டை கேன்சல் பண்ணிட்டேன்.

வாணியம்பாடி போய் சேர்ற வரைக்கும் ஒரு ஸ்பீடு பிரேக்கரையும் நான் விடல. பின்னாடி உக்காந்திருந்தவ என் முதுகுல குத்தினே வந்தா. வீட்டாண்ட இறங்கி, நசீமா ஆபா முன்னாடி ஒரு டப்பாவ தொறந்து காட்டுனேன். ஒரு முட்டைகூட அசையல. போட்ட கிரீம் போட்டபடி.

"யா அல்லா, இன்னா அழகு"ன்னாங்க ஆபா. ஸ்டெல்லா மூஞ்சில அப்டி ஒரு வெளிச்சம். நான் காலரை தூக்கி விட்டுக்கினேன்.

ஆம்பளைங்க முன் ஹால்ல, பொம்பளைங்க திரைக்கு அந்தாண்ட உள் ரூம்ல. ஸ்டெல்லா உள்ள போய்ட்டா. நான் தண்ணி ஜக்கை புடிச்சினு ஹால் வாசல்ல நின்னேன். சின்னப் பசங்களுக்கு பிஸ்கட்டு, ஜூஸு. பெரியவங்களுக்குதான் டப்பா. மாப்ளையோட அப்பா ரஃபீக் பாய், ஷூ தைக்கற கம்பெனி வெச்சிருக்கறவரு, நடுவுல உக்காந்திருந்தாரு. அவரு பக்கத்துல மாப்ளையோட தாய்மாமன். இருவது வருஷம் துபாய்ல இருந்துட்டு வந்தவரு. எல்லாரும் துபாய் மாமுன்னு கூப்புட்டாங்க.

டப்பாவ தொறந்தாங்க. ஹால் பூரா "அடடே, மாஷா அல்லா." நான் ஜக்கோட ஒரு அடி ஒசந்துட்டேன்.

துபாய் மாமு டப்பா ஓரத்துல ஃபோம் சந்துக்குள்ள இருந்து எதையோ எடுத்தாரு. சின்னதா, வெள்ளையா ஒரு பொட்டலம். காது பக்கத்துல ஆட்டி பாத்தாரு. சர்க்கு சர்க்குன்னுச்சு.

நாம பொட்டலம் எதுவும் குடுக்கலியேன்னு நான் யோசிச்சேன்.

"இது இன்னா மாமு?"ன்னு ஒருத்தர் கேட்டாரு.

"இதுகூட தெரியாதா? உப்பு. வெளிநாட்டுல இப்டிதான். உப்ப அவன் போட மாட்டான், தனியா குடுத்துடுவான். அவங்கவங்க இஷ்டத்துக்கு போட்டுக்கணும். இதோ பாரு, அவங்க பாஷைல உப்புன்னு எழுதியே இருக்கான்."

பிரிச்சாரு. முட்டை மேல தூவுனாரு. கண்ணாடி மணி மாதிரி குட்டி குட்டி உருண்டை.

அதைப் பாத்த உடனே என் கை ரெண்டும் ஜில்லுன்னு ஆயிடுச்சு. ஏன்னா, தப்பு பண்ணுனது அதுங்கதான்.

ஷூவுல ஈரம் ஏறக் கூடாதுன்னு ஒவ்வொரு டப்பாவுலயும் ஒரு சிலிக்கா பொட்டலம் போடுவோம். பேப்பர் விரி, ஷூ வெய்யி, பொட்டலம் போடு, மூடு. பதினாலு வருஷமா இதே நாலு வேலை. கட்டு டப்பாவோட ஒரு பை சிலிக்காவும் சேந்தே வந்திருந்தது. நான் ப்ரியாகிட்ட கதை வுட்டுனு இருந்த நேரத்துல, என் கை அது பாட்டுக்கு அது வேலைய பாத்திருக்கு. டூட்டில ஒரு குறை வெக்கல. நாப்பத்திரெண்டுலயும்.

மாமு கடிச்சாரு. கறுக்குன்னு ஒரு சத்தம். ஹால்ல எல்லாரும் அவரு வாயையே பாத்தாங்க. மென்னாரு. முழுங்குனாரு.

"பஸ்ட் கிளாஸ். கல்லு உப்பு."

அவ்ளோதான். எல்லாரும் பொட்டலத்த பிரிச்சாங்க. கறுக்கு முறுக்குன்னு ஹால் பூரா குதிரை கொள்ளு தின்னற சத்தம்.

நான் ஓடுனேன். "பாய், அது உப்பு இல்ல பாய், வேற எதோ, விட்டுடுங்க பாய்"னேன்.

"நீ சும்மா இரு தம்பி. உனக்கு இதெல்லாம் தெரியாது"ன்னாரு மாமு.

அங்கயே கத்தி சொல்லியிருக்கணும். சொல்லல. ஸ்டெல்லாவோட மொத ஆர்டர். செருப்பு டப்பா பொட்டலத்த நாப்பது பேருக்கு தின்ன வெச்சான்னு பேரு வந்துச்சுன்னா, அவ அந்த மெஷின்ல போய் திரும்ப குனிய வேண்டியதுதான். அதை நினைச்சி வாய மூடினேன்னு சொன்னா கேக்க நல்லா இருக்கும். பாதி அதான். மீதி, அடி வுழும்னு பயம்.

வெளிய வந்து பாபுவுக்கு போன் போட்டேன். அன்னைக்கு அவனுக்கு ஓவர்டைம், கம்பெனிலதான் இருந்தான்.

"டேய், சிலிக்கா தின்னா இன்னாடா ஆவும்?"

"யாரு தின்னது?"

"ஒரு நாப்பது பேரு."

அப்புறம் மெதுவா கேட்டான், "ஃபோம் வெட்டி குடுத்தது நான்னு சொல்லிட்டியா?"

"டேய்."

"இரு, முதலுதவி ரூம்ல சிஸ்டர் இருக்காங்க, கேட்டு சொல்றேன்."

கேட்டான். விஷம் இல்லியாம். ஆனா தின்னற பொருளும் இல்லியாம். உடனே நிறுத்தச் சொல்லணும், வாய கொப்புளிச்சி தண்ணி குடிக்கச் சொல்லணும், தொண்டைல சிக்கற மாதிரி யாருக்காவது இருந்தா டாக்டர்கிட்ட கூட்டினு போவணும். "சின்னப் பசங்க பக்கம் அது போவவே கூடாதுன்றாங்க"ன்னான்.

உயிர் பாதி வந்துச்சு. திரும்பி உள்ள வந்தேன். நசீமா ஆபா திரைய வெலக்கி தலைய நீட்டி கேட்டாங்க, "தாஸு, உள்ள பொம்பளைங்க எல்லாம் உப்பு நல்லா இருக்குன்றாங்க. இன்னும் ரெண்டு பொட்டலம் இருக்கா பா?"

அவங்க பின்னாடி ஸ்டெல்லா வந்தா. "எந்த உப்பு ஆபா?"

ஆபா கைல இருந்த பொட்டலத்த காட்டுனாங்க. ஸ்டெல்லா அதைப் பாத்தா. அப்புறம் என்னை பாத்தா. என்னை வாசல் ஓரமா இழுத்தா.

"எத்தினி டப்பால போட்ட?"

"எல்லாத்துலயும்."

"யாரு போடச் சொன்னா?"

"கை."

"யாரு கை?"

"என் கைதான். ஆனா நான் இல்ல."

அவ திட்டல. அதான் பயமா இருந்துச்சு. சிஸ்டர் சொன்னத வேகமா சொல்லி முடிச்சேன். "தண்ணி நான் ஊத்திடறேன், ஸ்டெல்லா. நீ எதுவும் சொல்லாத. பிரியாணி வந்துட்டா எல்லாம் மறந்துடுவாங்க. யாருக்கும் தெரியாது. உன் பேரு..."

"அந்த ரூம்ல ரெண்டு கைக்குழந்தை இருக்கு. கீழ வுழுந்தத எடுத்து வாயில போட்டுச்சுன்னா?"ன்னா. "என் பேரு அப்புறம் இருக்கட்டும்."

உள்ள பொம்பளைங்ககிட்ட மொதல்ல சொன்னா. அப்புறம் முந்தானைய இழுத்து சொருவினு திரையாண்ட வந்து, ஹாலுக்கு கேக்கற மாதிரி சொன்னா.

"பெரியவங்க எல்லாரும் மன்னிக்கணும். அது உப்பு இல்ல. ஷூ டப்பால போடற சிலிக்கா. எங்க வூட்டுக்காரரு பேக்கிங் செக்ஷன், பழக்கத்துல போட்டுட்டாரு. விஷம் இல்லன்னு கேட்டுட்டோம். ஆனா இனிமே யாரும் சாப்டாதீங்க, வாய கொப்புளிச்சிட்டு தண்ணி குடிங்க. யாருக்காவது தொண்டைல எதுனா பண்ணுச்சுன்னா சொல்லுங்க, டாக்டர்கிட்ட போய்டலாம். தப்பு என்னுதுதான், அனுப்பறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும்."

கறுக்கு முறுக்கு சத்தம் நின்னுடுச்சு. நான் ஜக்குக்கு பின்னாடி ஒளிஞ்சிக்கினேன். (ஜக்கு சின்னது. நான் பெருசு.)

ரஃபீக் பாய் மூக்கு கண்ணாடிய போட்டாரு. தட்டுல கெடந்த கிழிஞ்ச பொட்டலத்த எடுத்து வெளிச்சத்துல தூக்கி பாத்தாரு. முன்னாடி பாத்தாரு, பின்னாடி பாத்தாரு.

"முப்பது வருஷமா இதை டப்பா டப்பாவா போட்டு கப்பல் ஏத்தறேன்"னாரு. "இன்னைக்குதான் டேஸ்ட் பாத்தேன்."

யாரும் சிரிக்கல. சிரிக்கலாமா வேணாமான்னு அவரையே பாத்தாங்க. அவரு ஹாலை ஒரு சுத்து பாத்தாரு.

"பொண்ணோட அப்பா, நீங்க தோல் பதம் பண்ற ஷாப்பு. காதர், நீ சோல் சப்ளை. சலீமு, உனக்கு செருப்பு கடையே இருக்கு, தினம் பத்து டப்பா தொறக்கற. இத்தினி பேரு உக்காந்திருக்கோம், முட்டை மேல இருந்தா ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியல. இதுல அந்தப் புள்ளய இன்னா சொல்றது?"

அவரு தொடைய தட்டி சிரிச்சாரு. அப்புறம்தான் மத்தவங்க. திரைக்கு அந்தாண்டயும் கொல்லுன்னு சிரிப்பு. ஸ்டெல்லா மட்டும் சிரிக்கல, திரைய புடிச்சினு நின்னா.

"உப்புன்னு மொதல்ல சொன்னது யாரு?"ன்னு சலீம் பாய் கேட்டாரு.

எல்லாரும் துபாய் மாமுவ பாத்தாங்க. அவரு தாடில ஒட்டினு இருந்த நாலு உருண்டைய தட்டி விட்டுட்டு, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்"னாரு.

"அதான் ரெண்டு பொட்டலம் போட்டுக்கினீங்களா?"

அப்புறம் ஒரு காட்சி. மாப்ள, மாப்ளையோட அப்பா, ரெண்டு பக்கத்து சொந்தக்காரங்க எல்லாரும் புது ஜிப்பாவோட கை கழுவற எடத்துல வரிசையா நின்னு கொப்புளிக்கறாங்க. நான் ஆளாளுக்கு ஜக்குல தண்ணி ஊத்தறேன். நிச்சயம் அரைமணி நேரம் தள்ளிப் போச்சு. மோதிரம் காத்துனு இருந்துச்சு.

கொப்புளிச்சி முடிச்சிட்டு ரஃபீக் பாய் கேட்டாரு, "பொட்டலம் போடாத முட்டை இருக்கா?"

உபரி ரெண்டு டப்பா இருந்துச்சு. ஸ்டெல்லா தொறந்து, பொட்டலத்த எடுத்து என் கைல குடுத்துட்டு, டப்பாவ நீட்டுனா. அவரு ஒரு முட்டைய முழுசா வாயில போட்டு கண்ண மூடி மென்னாரு. ஹாலே நின்னு பாக்குது.

"கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க குடுக்கற வலீமா விருந்துக்கு இதையே போட்டுடலாம். ஐநூறு பேரு"ன்னாரு. "ஆனா நீ மண்டபத்துக்கே வந்து செய்யி மா. முட்டை வரட்டும், நீ வா. டப்பாவும் உங்க வூட்டுக்காரரும் வர வேணாம்."

அன்னைக்கு திரும்பி வர்றப்ப ஸ்டெல்லா ஆம்பூர் வர்ற வரைக்கும் பேசல. மேம்பாலத்தாண்ட முதுகுல லேசா ஒரு ஆட்டம் தெரிஞ்சது. அழறான்னு வண்டிய ஓரம் கட்டுனேன். சிரிச்சினு இருந்தா. "கை-யாம்"னு சொல்லி சொல்லி சிரிச்சா.

இப்ப ஸ்டெல்லாகிட்ட ரெண்டு பொண்ணுங்க வேலை செய்யறாங்க. மாசத்துக்கு நாலஞ்சு விசேஷம். கோயில் ஆளுங்ககூட பேய் முட்டை ஆர்டர் குடுக்கறாங்க. நான் வண்டி ஓட்டலாம், தூக்கலாம், இறக்கலாம். மூடிய தொடக் கூடாது. எங்க வீட்டுல யாரு எதை மறந்தாலும், யாரு எதை ஒடச்சாலும், "நான் இல்ல, கை"ன்னு சொல்லிட்டு தப்பிச்சிடறாங்க. ப்ரியா கணக்குல ஃபெயில் ஆனப்பகூட அதையேதான் சொன்னா. நான் வாய தொறக்க முடியல.

போன மாசம் ஆபாவோட பொண்ணுக்கும் மாப்ளைக்கும் பொறந்த குழந்தைக்கு பேரு வெச்சாங்க. போயிருந்தோம். துபாய் மாமு என்னை பாத்ததும் கைய புடிச்சி ஒரு தூணாண்ட தள்ளினு போனாரு. சுத்தியும் பாத்தாரு. திட்டப் போறாருன்னு நினைச்சேன்.

"தம்பி, யாருகிட்டயும் சொல்லாத. எனக்கு வருஷம் பூரா சளி இருக்கும். அன்னைக்கு அதை சாப்ட்டதுல இருந்து ஒரு தும்மல் இல்ல. ஈரத்த பூரா உறிஞ்சிடுச்சு பாரு. இன்னும் ரெண்டு பொட்டலம் இருந்தா குடேன்."

என் கை அது பாட்டுக்கு, எப்பவும் ரெண்டு பொட்டலம் கெடக்கற சட்டை பாக்கெட்டுக்கு போச்சு. எதிர்ல ஸ்டெல்லா முட்டை தட்டோட நின்னு பாத்துனு இருந்தா. கைய எடுத்து தலைய சொறிஞ்சிக்கினேன்.